ஒபிச்சுவரியை இன்னும் ஏன் கேட்கிறோம்?

கேள்வி: "டெத் மெட்டல் கேட்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. ஒபிச்சுவரி பேண்டுன்னாலே சீனியர் அண்ணன்கள் எல்லாம் உருகுறாங்க. எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு. ஸ்பீடும் இல்ல, டெக்னிக்கும் இல்ல, என்ன பாடுறார்னும் புரியல. இது வெறும் பழைய பாசமா, இல்ல நிஜமாவே ஏதாவது இருக்கா? அவங்க சென்னைக்கு வர வாய்ப்பு உண்டா? எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?" (தாம்பரம் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர்.)

பதில்:

தம்பி, நீங்கள் அடுக்கியிருக்கும் மூன்று புகாரில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. வேகம் குறைவுதான். வித்தை காட்டுவதில்லைதான். வார்த்தை புரியாதுதான். இந்த மூன்றால்தான் அவர்கள் நிலைத்தார்கள் என்பது என் கட்சி. சாலிகிராமத்தில் சின்னதாக ஒரு ஜாம் ரூம் (பேண்டுகள் ஒத்திகை பார்க்கும் அறை) நடத்துகிறேன். அங்கே வருகிற பையன்கள் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெத் மெட்டல் என்பது உறுமும் குரலும் கனத்த கிட்டாருமாக வரும் முரட்டு ராக் இசை. அதை வாசிக்கிற பேண்ட்தான் ஒபிச்சுவரி. ஆட்களைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டேம்பா நகரத்தை ஒட்டிய பிராண்டன், செஃப்னர் பக்கத்துப் பையன்கள். ஜான் டார்டி பாட்டு, அவர் தம்பி டொனால்ட் டார்டி டிரம்ஸ், கூடப் படித்த ட்ரெவர் பெரெஸ் ரிதம் கிட்டார். 1984இல் ஆரம்பித்தபோது எக்ஸிக்யூஷனர் என்று பெயர் வைத்தார்கள். அதே பெயரில் வேறொரு பேண்ட் இருந்ததால் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் 1988 வாக்கில் ஒபிச்சுவரி ஆனார்கள். அன்று சேர்ந்த இந்த மூன்று பேரும் இன்றும் பேண்டில் இருக்கிறார்கள். லீட் கிட்டாரும் பேஸும்தான் கை மாறிக்கொண்டே இருந்தன.

அவர்கள் ஏரியாவிலேயே சாவட்டாஜ், நாஸ்டி சாவேஜ் என்று இரண்டு பெரிய அண்ணன் பேண்டுகள் இருந்தன. ஒரு பேண்ட் எப்படி ஒத்திகை பார்க்கும், எப்படி மேடை ஏறும் என்பதை அவர்களைப் பார்த்துதான் கற்றார்கள். ஆனால் காதில் ஏறி உட்கார்ந்தது சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட். மற்றவர்கள் எல்லாம் ஸ்லேயர் என்கிற அதிவேக மெட்டல் பேண்டைக் கேட்டுவிட்டு ‘இதைவிட வேகமாக’ என்று ஓடிய காலம் அது. இந்தப் பையன்கள் செல்டிக் ஃப்ராஸ்டைக் கேட்டுவிட்டு ‘இதைவிடக் கனமாக’ என்று நின்றுவிட்டார்கள். இரண்டாவது ஆல்பத்திலேயே செல்டிக் ஃப்ராஸ்டின் ‘சர்க்கிள் ஆஃப் த டைரண்ட்ஸ்’ பாட்டை எடுத்து வாசித்துக் கடனையும் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள்.

இனி உங்கள் முதல் புகாருக்கு வருகிறேன். வேகம்.

எங்கள் ரூமுக்கு வருகிற காலேஜ் பேண்டுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிரம்மர் வந்து உட்கார்ந்ததும் இரண்டு காலாலும் அடிக்கிற டபுள் பெடலை மாட்டி, மெட்ரோனோமை (தாளம் எண்ணும் கருவி) நிமிடத்துக்கு 200 அடிக்கு மேலே ஏற்றிவிடுவார். வீட்டில் தலையணையைக் கட்டி வைத்து உதைத்துப் பழகிய கால்; காட்டத்தானே வேண்டும். அதே பேண்டை ஒபிச்சுவரியின் ‘சாப்டு இன் ஹாஃப்’ பாட்டை வாசிக்கச் சொன்னால் கூத்து ஆரம்பமாகும். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) சீக்கிரமே விரலுக்கு வந்துவிடும். அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. நாலு பேரும் சேர்ந்து வாசிக்கும்போதுதான் சிக்கல். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி டிரம்மரைப் பயமுறுத்தும். கை சும்மா இருக்கக் கூடாது என்று நடுவில் ஒரு ஃபில், அதாவது இடைவெளியை நிரப்பும் சின்ன உருட்டு, போடுவார். ஃபில் முடிந்து தாளத்தின் ‘ஒன்று’க்கு, முதல் அடிக்கு, வரும்போது அரை மூச்சு முந்திக்கொண்டு வருவார். கிட்டாரிஸ்ட் அவரைத் துரத்துவார். பேஸ் வாசிக்கிற பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான். பாட்டு முடியும்போது ஆரம்பித்த வேகம் எங்கேயோ போயிருக்கும். எல்லா நோட்டும் சரி, ஆனால் பாட்டில் எடை இல்லை.

இப்போது டொனால்ட் டார்டி வாசிப்பதைக் கவனித்துக் கேளுங்கள். ஸ்னேர் அடி அவசரமே இல்லாமல், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த ஆள் கையை நீட்டுவது போல, ஒரு மயிரிழை தள்ளி வந்து விழும். கிட்டார் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அடித்து நீள விட்டுக் காத்திருக்கும் இடத்தில் அவரும் காத்திருப்பார். டபுள் பேஸ் (இரண்டு கால் டிரம் அடி) வரும். வந்தாலும் ரிஃப்புக்கு அடியில் தரை போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ‘ஸ்லோலி வி ராட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக அரைத்துக்கொண்டு ஆரம்பிக்கும், நடுவில் நன்றாகவே ஓடும், பிறகு திரும்பவும் இறங்கும். அந்த ஓட்டமே, மறுபடி மெதுவாகும்போது விழுகிற அடி இன்னும் பலமாக விழட்டும் என்பதற்காக வைத்தது. முழு ஆல்பமும் வேகமாகப் போனால் கொஞ்ச நேரத்தில் காது மரத்துப் போகும். மின்விசிறிச் சத்தம் மாதிரி இருப்பதே தெரியாது. ஒபிச்சுவரி காதை மரத்துப் போக விடுவதில்லை.

இந்த டொனால்ட் பின்னாளில் ஆண்ட்ரூ டபிள்யூ.கே. என்கிற பார்ட்டி ராக் பாடகருக்கும் டிரம்ஸ் வாசிக்கப் போனார். டெத் மெட்டல் ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் டிரம்ஸில் ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதைக் கேட்காமல் விட்டவர்களுக்குத்தான் அது ஆச்சரியம்.

இந்த விஷயத்தில் சென்னைக்காரனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. சாவுக்கு ஆடுகிற ஊர் இது. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு சாவு விழுந்தால் ராத்திரியெல்லாம் மரண கானா ஓடும். இறந்தவர் பேரைச் சொல்லி, அவர் குணத்தைச் சொல்லி, அவர் குடித்ததையும் கொடுத்ததையும் சொல்லிப் பாடுவார்கள். மறுநாள் மேளம், பட்டாசு, ரோடு நெடுக உதிர்ந்த சாமந்தி, வண்டிக்கு முன்னால் அழுதுகொண்டே ஆடுகிற பையன்கள். போரூரிலோ பெரம்பூரிலோ டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு இதைப் பார்க்காத சென்னைவாசி கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு, மரண அறிவிப்பைப் பெயராக வைத்துக்கொண்ட ஒரு பேண்ட் தலையை ஆட்ட வைக்கிறது என்றால் அதில் முரண்பாடு ஒன்றும் தெரியாது. இந்த மேளக்காரர்களைக் கலைஞர்கள் என்று ஒப்புக்கொள்ள நம்ம சபாக்கள் எடுத்துக்கொண்ட காலம் தனிக் கதை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

தாளக்கணக்கு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம சாவு மேளம் பெரும்பாலும் மூன்று மூன்றாக உருண்டு ஓடும். ஒபிச்சுவரி நான்கில் நடக்கும். டேம்பாவில் யாரும் நம்ம மேளத்தைக் கேட்டுவிட்டு ரிஃப் எழுதவில்லை. அங்கிருந்து இங்கே கோடு இழுத்துக் காட்டுகிற ஆராய்ச்சி எனக்கு ஒத்து வராது. கேட்கிற உடம்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒபிச்சுவரியின் ‘பாடி பேக்’ பாட்டைப் போட்டால் எங்கள் ரூமில் டீ கொண்டுவருகிற அண்ணன்கூட, என்ன சத்தம் இது என்று திட்டிக்கொண்டே, கிளாஸ் வைக்கிற கையால் மேசையில் தட்டுவார். அதிவேக பேண்டுகள் எதற்கும் அவர் தட்டியதில்லை.

இரண்டாவது புகார், வித்தை. 1990களின் தொடக்கத்தில் புளோரிடாவில் என்ன நடந்தது என்று தெரிந்தால் இது புரியும். டேம்பாவில் மாரிசவுண்ட் ஸ்டுடியோ, அங்கே ஸ்காட் பர்ன்ஸ் என்கிற சவுண்ட் இன்ஜினியர். டெத், டீசைட், ஏதீஸ்ட், கேனிபல் கார்ப்ஸ், பிரேசிலிலிருந்து செபுல்ட்யூரா என்று ஏகப்பட்ட பேண்டுகளின் ஆல்பங்கள் அவர் கை வழியாகத்தான் போயின. ஒபிச்சுவரியின் முதல் ஆல்பம் ‘ஸ்லோலி வி ராட்’ 1989இல் அங்கேதான் உருவானது. ஒரே ஊர், ஒரே ஸ்டுடியோ, ஒரே ஆள் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி ஒலிக்கத்தானே செய்வார்கள்? அதனால் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். சக் ஷுல்டினரின் டெத் சிக்கலான இசைக்கு நகர்ந்தது. ஏதீஸ்ட் ஜாஸ் பக்கம் போனது. கேனிபல் கார்ப்ஸ் ரத்தமும் சதையுமாக அட்டை போட்டுச் சில நாடுகளில் தடை வாங்கியது. டீசைட்டின் கிளென் பென்டன் நெற்றியில் தலைகீழ்ச் சிலுவையைச் சூடு போட்டுக்கொண்டார்.

ஒபிச்சுவரி எந்தப் பக்கமும் ஓடவில்லை. சாத்தானும் இல்லை, கொலைக் கதையும் இல்லை, தத்துவமும் இல்லை. அரைக்கால் சட்டையும் நீளமான முடியுமாக வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அப்போது சில விமர்சகர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்றுகூடச் சொன்னார்கள். முப்பது வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அதிர்ச்சி கொடுத்த அட்டை இன்று யாரையும் அதிர வைக்காது. அன்றைக்கு யாராலும் முடியாத வேகத்தை இன்று பதினாறு வயதுப் பையன் படுக்கையறையில் உட்கார்ந்து வாசிக்கிறான். ஒபிச்சுவரியிடம் இப்படிப் பழசாகிப் போகிற சரக்கு மிகக் குறைவு.

ஒரு முறை வித்தைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார், அது நல்லதாகவே முடிந்தது. 1990இல் இரண்டாவது ஆல்பம் ‘காஸ் ஆஃப் டெத்’. லீட் கிட்டார் ஆலன் வெஸ்ட் விலகியிருந்த நேரம். டெத் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மர்ஃபி வந்து சேர்ந்தார். அடியில் பெரெஸின் ரிஃப் சேறு மாதிரி நகர்ந்துகொண்டிருக்க, மேலே மர்ஃபியின் சோலோ (தனி வாசிப்பு) மெல்லிசாக, கொஞ்சம் சோகமாகப் பறந்து போகும். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு ‘இன்ஃபெக்டட்’ ரிஃப்பை உடனே கொடுக்காமல் பனி மூட்டம் மாதிரி ஒரு முன்னுரையை ஓட்டிவிட்டுத்தான் இறங்கும். என்னைக் கேட்டால் ஒபிச்சுவரியின் உச்சம் அதுதான். முதல் ஆல்பம்தான் என்று சண்டைக்கு வருகிற நண்பர்கள் எனக்கு உண்டு. வரட்டும்.

அந்த ஆல்பத்தின் அட்டைப் படத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. மைக்கேல் வீலன் என்கிற ஓவியர், திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைப் புத்தகங்களுக்காக வரைந்த படம் அது. செபுல்ட்யூரா தங்கள் ‘பினீத் த ரிமெய்ன்ஸ்’ ஆல்பத்துக்கு அதைத்தான் கேட்டிருந்தது. அவர்களுடைய டிரம்மர் ஈகோர் கவலேரா அந்தப் படத்தில் ஒரு பகுதியைப் பச்சை குத்திக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேண்டும் ரோட்ரன்னர் என்கிற ஒரே இசைக் கம்பெனியில். கம்பெனி அவர்களுக்கு வீலனின் வேறொரு படத்தைக் கொடுத்துவிட்டு, இதை ஒபிச்சுவரிக்குத் தந்துவிட்டது. ஈகோர் தோலில் படம் மாறவில்லை.

பெரெஸின் கிட்டார் ஒலியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். மெட்டல் என்றால் கூர் கூராக வெட்டிய வடிவில் ஒரு கிட்டார், நடு அலைவரிசையைச் சுத்தமாகக் குறைத்த ஒரு டோன் என்று பையன்கள் நினைக்கிறார்கள். பெரெஸ் கையில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டார். அதற்கு முன்னால் ஒலியைக் கரகரப்பாக்கும் ‘ரேட்’ (RAT) டிஸ்டார்ஷன் பெடல், பின்னால் மார்ஷல் ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி). அவ்வளவுதான் அடிப்படை. நடு அலைவரிசையை அவர் குறைப்பதில்லை; அந்த இடத்தில்தான் அவருடைய ஒலியின் சதை இருக்கிறது. எங்கள் ரூமில் பையன்கள் லேப்டாப்பில் பத்து ஆம்ப் சிமுலேட்டரை அடுக்கி இந்த ஒலியைத் தேடுவார்கள். நான் ‘கெயினை (கரகரப்பின் அளவை) பாதியாகக் குறை, மிட்ஸை (நடு அலைவரிசையை) ஏற்று, பிக்கை (கம்பி மீட்டும் தகட்டை) அழுத்திப் பிடி’ என்பேன். கெயின் குறைந்தால் கையில் இருக்கிற தப்பு வெளியே தெரியும் என்று தயங்குவார்கள். தெரியட்டும், அதற்குத்தானே ஒத்திகை.

மூன்றாவது புகாரில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஜான் டார்டி என்ன பாடுகிறார்?

பல இடங்களில் ஒன்றும் பாடவில்லை என்பதுதான் நேரான பதில். ஆரம்பகால ஆல்பங்களில் முழுசாக வரிகளே எழுதவில்லை. சில வார்த்தைகள் இருக்கும். மற்ற இடங்களில் ரிஃப்புக்கு எந்த ஓசை பொருந்துமோ அதை வாயில் போட்டுக்கொள்வார். முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு ‘ஸ்டிங்குபஸ்’ என்று பெயர். அகராதியில் தேடாதீர்கள், கிடைக்காது. மற்ற டெத் மெட்டல் பாடகர்கள் தொண்டையை இறுக்கி அடியில் உறுமுவார்கள். எல்லாச் சொல்லும் ஒரே உயரத்தில் போகும். டார்டி தொண்டையைத் திறந்து விடுவார். குரல் கீழே ஆரம்பித்து, இழுபட்டு, மேலே கிழிந்து முடியும். பாட்டில் சொல் முடிந்த பிறகும் அந்த உயிரெழுத்து ஓடிக்கொண்டிருக்கும். ரிஃப் நீளமாக இருப்பதால்தான் அவருக்கு அப்படி இழுக்க இடம் கிடைக்கிறது. வேகமான பாட்டில் அவர் குரல் பாதி வீணாகிவிடும்.

டிசம்பரில் மயிலாப்பூர் பக்கம் ஏதாவது ஒரு சபாவில் போய் உட்காருங்கள். பாடகர் அரை மணி நேரம் தோடியை ‘த-த-ரி-ன’ என்று இழைத்துக்கொண்டிருப்பார். முதல் வரிசை மாமா தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். ‘வார்த்தை எங்கே, அர்த்தம் என்ன’ என்று யாரும் எழுந்து கேட்பதில்லை. குரல் போகிற வழியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். ஜான் டார்டியையும் அப்படித்தான் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று நான் சொன்னதாக அந்த மாமாவிடம் போய்ச் சொல்லி என்னை மாட்டிவிடாதீர்கள்.

இதனால் ஒரு லாபமும் உண்டு. டெத் மெட்டலில் பழைய பாட்டு வரிகளைப் படித்தால் இன்று கூச வைக்கிறவை நிறைய. பெண்களைப் பற்றி எழுதியவை முக்கியமாக. ஒபிச்சுவரி கேட்கும்போது அந்தச் சங்கடம் அநேகமாக வருவதில்லை. ‘டையிங்’, ‘அயம் இன் பெயின்’ என்று தலைப்பே வலியைச் சொல்லிவிடும், மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும். சொல் பிடிபடாததால் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் கிடைப்பது ஒன்றுதான். பர்மா பஜாரில் எம்பி3 சிடி வாங்கிக் கேட்ட தலைமுறைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆங்கில மீடியம் பையன்கள் மட்டும் வரிகளைச் சொல்லிப் பெருமை அடித்த காலம் அது.

‘எல்லாம் ஒரே மாதிரி’ என்றீர்கள். முழுக்க அப்படி இல்லை. 1992இன் ‘தி எண்ட் கம்ப்ளீட்’டில் ஆலன் வெஸ்ட் திரும்பி வந்தார், நன்றாக விற்ற ஆல்பம். 1994இல் ‘வேர்ல்ட் டெமைஸ்’. சுற்றுச்சூழல் நாசத்தைப் பற்றிய அட்டை, ஹார்ட்கோர் பங்க் இசையின் சாயல், இன்னும் கனமான ஆட்டம். பலர் அப்போது ஏற்கவில்லை. என் பார்வையில் அவர்கள் ஆல்பங்களிலேயே நியாயம் கிடைக்காமல் போனது இதுதான். 1997இன் ‘பேக் ஃப்ரம் த டெட்’டில் ராப் கலந்த ஒரு ரீமிக்ஸ்கூட இருந்தது. அதை நினைவுபடுத்துகிறவர்களோடு நான் பேசுவதில்லை. அந்த வருடமே பேண்ட் கலைந்தது.

2003இல் மறுபடி சேர்ந்து, 2005இல் ‘ஃப்ரோசன் இன் டைம்’ வெளியிட்டார்கள். எட்டு வருடமாக ஜான் டார்டியின் குரலுக்காகக் காத்திருந்த ரசிகன் ஆல்பத்தைப் போடுகிறான். முதல் பாட்டு ‘ரெட்நெக் ஸ்டாம்ப்’. அதில் குரலே இல்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் ரிஃப், டிரம்ஸ். சோலோ என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரே ரிஃப்பைத் தேய்த்துத் தேய்த்து, கழுத்து தானாக ஆட ஆரம்பிக்கும்வரை விடுவதில்லை. திரும்பி வருகிற பேண்ட் இவ்வளவு அலட்டிக்கொள்ளாமல் வந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்று மேடையில் பல நாள் முதலில் வாசிப்பதே அதைத்தான். டெத் மெட்டல் பக்கமே வராதவர்களுக்கும் அந்த ரிஃப் பழக்கம்.

அதன் பிறகு ரால்ஃப் சான்டோலா லீட் கிட்டாருக்கு வந்த இரண்டு ஆல்பங்கள், 2007, 2009. நல்ல கைக்காரர், சந்தேகம் இல்லை. ஆனால் ரிஃப் மூச்சு விடவேண்டிய இடத்தில் எல்லாம் அவர் விரல் ஓடியது, எனக்கு ஒட்டவில்லை. நீண்ட காலம் பேஸ் வாசித்த ஃபிராங்க் வாட்கின்ஸ் விலகி, 2015இல் புற்றுநோயில் இறந்தார். டெத் பேண்டில் இருந்த டெர்ரி பட்லர் பேஸுக்கு வந்தார். பிறகு கென்னி ஆண்ட்ரூஸ் லீட் கிட்டாருக்கு வந்ததும் பேண்ட் மறுபடி நிலைக்கு வந்தது. ‘இங்க்ட் இன் பிளட்’ ஆல்பத்துக்கான பணத்தைக் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் வழியாக ரசிகர்களிடமே திரட்டினார்கள். 2014இல் ரிலாப்ஸ் கம்பெனி அதை வெளியிட்டது. 2017இல் பேண்ட் பெயரிலேயே ஓர் ஆல்பம். 2023 ஜனவரியில் ‘டையிங் ஆஃப் எவ்ரிதிங்’. திரும்பி வந்த பிறகு போட்டவற்றில் எனக்கு முதலிடம் இந்தக் கடைசி ஆல்பத்துக்கே. ஐம்பதைத் தாண்டிய மனிதரின் தொண்டை என்று நம்ப முடியாது.

கொரோனா காலத்தில் கச்சேரி எல்லாம் நின்றபோது, 2020இல் முதல் இரண்டு ஆல்பங்களையும் முழுசாக வாசித்து இணையத்தில் நேரலை விட்டார்கள். அந்தப் பதிவுகள் பின்னர் ஆல்பமாகவும் வந்தன. முப்பது வருடத்துக்கு முந்தைய பாட்டை அதே வேகத்தில், அவசரப்படாமல் வாசிப்பதை அதில் கேட்கலாம். வயதான பேண்டுகள் இரண்டு விதமாகக் கெடும்: பழைய பாட்டை மூச்சு வாங்க இழுத்து வாசிக்கும், இல்லையென்றால் இளமை காட்ட ஓட்டிவிடும். மிதமான வேகத்தில் எழுதி வைத்துக்கொண்டதால் இவர்களுக்கு அந்த இரண்டு தொல்லையும் இல்லை. உடம்பு ஒத்துழைக்கும் வேகத்திலேயே பாட்டு இருக்கிறது. நீங்கள் குறை சொன்ன அந்த மெதுவான நடைதான் அவர்களை இந்த வயதிலும் மேடையில் நிறுத்தி வைத்திருக்கிறது. இப்போதைய இளம் பேண்டுகளில் கேட்க்ரீப்பர், ஃப்ரோசன் சோல் போன்றவர்களைக் கேட்டாலும் இந்த நடையின் வாடை தெரியும்.

டொனால்டைப் பற்றி ஒரு உபரித் தகவல். டேம்பா பக்கத்தில் தெருப்பூனைகளுக்குச் சோறு போட்டு, கருத்தடை செய்து விடுவதற்கென்று ‘மெட்டல் மியாவ்லிஷா’ என்று ஓர் அமைப்பை நடத்திவந்தார். ரசிகர்களும் அதற்குப் பணம் அனுப்பினார்கள். இசைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ‘இந்தப் பாட்டெல்லாம் கேட்டால் மனசு கெட்டுப்போகும்’ என்று வீட்டில் அம்மா சொன்னால் உதவும்.

சென்னைக்கு வருவார்களா? மனசு வேண்டும் என்கிறது, கணக்கு இடம் கொடுக்கவில்லை. 2009இல் ஸ்வீடனின் ஓபெத் பேண்ட் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனது. அந்த மாதிரி கல்லூரி விழா பட்ஜெட் இருந்தால்தான் இங்கே அப்படி ஒரு கச்சேரி நடக்கும். மற்றபடி அயர்ன் மெய்டன் 2007இல் போனதும் பெங்களூருக்கு, மெட்டாலிகா 2011இல் வாசித்ததும் பெங்களூரில். மெட்டலுக்கென்றே பெங்களூர் ஓப்பன் ஏர் அங்கே 2012இல் தொடங்கியது. நம்ம ஊரில் வாசிக்க ஆள் இல்லாமல் இல்லை. எஷர்ஸ் நாட் போன்ற பேண்டுகள் இங்கிருந்து கிளம்பியவைதான். டிக்கெட் வாங்கி நிற்கிற கூட்டம்தான் போதவில்லை. ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்கிற சட்டம் எல்லா ஊருக்கும் பொது. அதைச் சாக்காகச் சொல்வதில் பயன் இல்லை. டெத் மெட்டலுக்குச் சென்னையில் நானூறு பேர் காசு கொடுத்து வருவார்கள் என்று ஒரு அமைப்பாளர் நம்பினால் நடக்கும். அதுவரை பெங்களூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

கேட்கும் வரிசைக்கு வருகிறேன். முதல் ஆல்பத்தில் ஆரம்பிக்காதீர்கள். அதன் ஒலி கரடு, உங்கள் காது இன்னும் பழகவில்லை. ‘ரெட்நெக் ஸ்டாம்ப்’பில் ஆரம்பியுங்கள். குரல் இல்லாததால் உங்கள் மூன்றாவது புகார் அங்கே எழாது. இயர்போனில் வேண்டாம். நண்பன் வீட்டில் ஒரு நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அதில், அறையில் காற்று அசைகிற சத்தத்தில் கேளுங்கள். அடுத்து ‘காஸ் ஆஃப் டெத்’தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் கேளுங்கள். பிறகு 2023 ஆல்பம், அதன் பிறகு ‘ஸ்லோலி வி ராட்’. இந்த நாலும் உள்ளே போன பிறகு ‘வேர்ல்ட் டெமைஸ்’ஸை எடுத்தால் அதன் அருமை தெரியும். 1997 ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், விட்டாலும் நஷ்டம் இல்லை. நீங்கள் கிட்டாரோ டிரம்ஸோ வாசிக்கிறவராக இருந்தால் ‘பாடி பேக்’கை மெட்ரோனோம் போட்டு ஒரு தடவை பதிவு செய்து அனுப்புங்கள், எங்கே முந்துகிறீர்கள் என்று கேட்டுச் சொல்கிறேன்.